ஓட்டியவரே எழுதினால் நம்பலாமா? சாம்மி டேவிஸின் வாழ்க்கையும் எழுத்தும்

பென்ட்லி கார்களின் பழைய பந்தய வரலாற்றைப் படிக்கும்போது சாம்மி டேவிஸ் என்ற பெயர் ஓரிடத்தில் ஓட்டுநராகவும் இன்னோரிடத்தில் பத்திரிகையாளராகவும் வருகிறதே, இருவரும் ஒருவர்தாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர்தாம் என்றால், தாம் ஓட்டிய பந்தயத்தைப் பற்றித் தாமே எழுதியவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. முதற்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை உண்டு: ஆம், ஒருவர்தாம். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல அவருடைய வாழ்க்கையையே சொல்ல வேண்டும். அவர் எழுதியவற்றைப் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருபவன் என்ற முறையில் அதை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுவோம். அமெரிக்கப் பாடகரும் நடிகருமான சாம்மி டேவிஸ் ஜூனியருக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இவருடைய முழுப்பெயர் சிட்னி சார்ல்ஸ் ஹௌட்டன் டேவிஸ், அச்சில் எஸ். சி. எச். டேவிஸ் என்று வரும். 1887 ஜனவரி 9 அன்று லண்டனில் பிறந்தார். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்று அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதாவது மோட்டார் காரும் இவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். அது வளர்ந்ததைத் தொடக்கம் முதல் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு இவருக்கு இயல்பாகவே கிடைத்தது.

இவர் பின்னாளில் பணியாற்றிய தி ஆட்டோகார் வார இதழைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அது 1895 நவம்பர் 2 அன்று தொடங்கியது. அப்போது இங்கிலாந்தில் தானே ஓடும் வண்டிகள் நாட்டுப்புறச் சாலையில் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது, முன்னால் ஓர் ஆள் நடந்து செல்லவும் வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது 1896 நவம்பரில். ஆக, சாலையில் கார்களே அநேகமாக இல்லாத காலத்தில், சட்டம் மாறுவதற்கு ஓராண்டு முன்பே, கார்களுக்கென்று ஓர் இதழைத் தொடங்கிவிட்டார்கள். அதன் முதல் ஆசிரியர் ஹென்றி ஸ்டர்மி. பழைய ராலே சைக்கிள்களில் மூன்று வேகக் கியர் வைத்த பின்சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயர் நினைவிருக்கும். அந்த ஸ்டர்மிதான் இவர். 1897இல் அவர் ஒரு டெய்ம்லர் காரில், ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஜான் ஓ குரோட்ஸிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்ட் வரை 929 மைல் ஓட்டிச் சென்று எழுதினார். ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுவது என்ற வழக்கம் அந்த இதழின் அடித்தளத்திலேயே இருந்தது. டேவிஸ் அந்த வழக்கத்தை அதன் கடைசி எல்லை வரை கொண்டு சென்றவர்.

அவர் எழுத்திலிருந்து கார்களுக்கு வந்தவர் அல்லர். பட்டறையிலிருந்து எழுத்துக்கு வந்தவர். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் படித்தபின், கவென்ட்ரியில் டெய்ம்லர் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து கார் கட்டும் வேலையைக் கையால் கற்றுக்கொண்டார். அவருக்கு ஓவியமும் நன்றாக வரும். இயந்திரப் பாகங்களைப் பார்த்தவுடன் வரையத் தெரிந்த, அவை எப்படி இயங்குகின்றன என்று சொல்லவும் தெரிந்த ஒருவருக்கு அக்காலத்து மோட்டார் இதழ்களில் பெரிய தேவை இருந்தது. புகைப்படத்தை அச்சில் தெளிவாகக் கொண்டுவருவது கடினமாக இருந்த நாட்களில் ஒரு கியர்பெட்டியின் உட்புறத்தை வாசகருக்குக் காட்டக்கூடியது ஓவியரின் கோடு மட்டுமே. அப்படித்தான் 1910 வாக்கில் அவர் தொழில்நுட்ப எழுத்துக்கும் படம் வரைதலுக்கும் வந்தார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் வான்பிரிவு நடத்திய கவசக் கார்ப் படையில் பணியாற்றினார். போர் முடிந்தபின் ஆட்டோகாரின் விளையாட்டுப் பகுதி ஆசிரியரானார்.

அங்கே அவர் எழுதியது காஸ்க் என்ற புனைபெயரில். பிரெஞ்சு மொழியில் அதற்குத் தலைக்கவசம் என்று பொருள். புனைபெயரில் எழுதுவது அன்றைய மோட்டார் இதழ்களின் பொது வழக்கம். போட்டி இதழான தி மோட்டாரில் ராட்னி வாக்கர்லி என்பவர் கிராண்ட் வித்தெஸ், அதாவது பெருவேகம், என்ற பெயரில் எழுதினார். பெயர் மறைப்பதற்காக வைத்துக்கொண்டது அல்ல. காஸ்க் யார் என்பதை வாசகர்கள் அறிந்திருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரும்போது இது தேவைப்படும்.

லண்டனுக்குத் தென்மேற்கே வெய்பிரிட்ஜ் அருகில் 1907இல் திறக்கப்பட்ட புரூக்லாண்ட்ஸ் ஓட்டப்பாதைதான் அவருடைய பயிற்சிக்களம். இருபுறமும் சாய்வாக உயர்ந்த காங்கிரீட் வளைவுகள் கொண்ட, 2¾ மைல் சுற்றளவுள்ள பாதை அது. 1922 மே மாதத்தில் பன்னி (ஆங்கிலத்தில் முயல்) என்று செல்லமாக அழைக்கப்பட்ட சிறிய ஆஸ்டன் மார்ட்டின் கார் அங்கே நாள் முழுவதும் ஓடி உலகச் சாதனைகளை முறித்தபோது, அதை மாறி மாறி ஓட்டிய மூவரில் டேவிஸும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 35. பந்தய ஓட்டுநருக்கு அது இளமை அல்ல. ஆனால் அவருடைய வலிமை கண்மூடித்தனமான வேகத்தில் இருக்கவில்லை. இயந்திரத்தின் ஒலி மாறுவதைக் கேட்டே நோயை அறிந்து, அதற்கேற்ப விட்டுக்கொடுத்து ஓட்டும் பொறுமையில் இருந்தது. நெடுந்தொலைவுப் பந்தயத்துக்கு வேண்டியது அதுதான்.

அந்தப் பொறுமைக்கு ஏற்ற களமாக 1923இல் பிரான்ஸில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் தொடங்கியது. பொதுச் சாலைகளை மூடி, 17 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சுற்றில், மாலை 4 மணி முதல் மறுநாள் மாலை 4 மணி வரை ஓட வேண்டும். 1925இல் டேவிஸ், ழான் ஷசாஞ் என்ற அனுபவம் மிக்க பிரெஞ்சு ஓட்டுநருடன் சேர்ந்து ஒரு 3 லிட்டர் சன்பீம் காரில் இரண்டாம் இடம் பெற்றார். 1926இல் பென்ட்லி அணிக்கு வந்தார். இம்முறை துணை, ஜோசஃப் டட்லி பெஞ்சாஃபீல்ட் என்ற லண்டன் மருத்துவர், நுண்ணுயிரியல் வல்லுநர். அவ்வாண்டு பந்தயம் முடிய அரை மணிக்கும் குறைவான நேரமே இருந்தபோது, இரண்டாம் இடத்துக்காக முன்னால் போன காரை விரட்டிச் சென்ற டேவிஸ், பிரேக் பிடிக்காமல் முல்சான் வளைவின் மணல்மேட்டில் காரைச் செருகிவிட்டார். 23½ மணி நேர உழைப்பு சில நொடிகளில் வீணானது. அந்தக் காரின் எண் 7. பழைய 7ஆம் எண் என்ற செல்லப்பெயர் அதற்குப் பின்னாளில் நிலைத்ததற்கு அதுவே காரணம்.

மறு ஆண்டு அதே காரை அதே இருவரிடம் கொடுத்தார்கள். 1927 ஜூன் 18 அன்று தொடங்கிய அந்தப் பந்தயத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். டேவிஸ் என்ற ஓட்டுநரையும் டேவிஸ் என்ற எழுத்தாளரையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை.

மூன்று பென்ட்லிகள் அணியாகப் புறப்பட்டன. ஒன்று புதிய 4½ லிட்டர் கார்; மற்ற இரண்டும் 3 லிட்டர். ஐந்தரை மணி நேரம் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. இருட்டும் வேளையில், வெள்ளை வீடு என்று அழைக்கப்படும் பண்ணைவீட்டை ஒட்டிய வளைவில் ஒரு பிரெஞ்சுக் கார் நிலைதடுமாறிச் சாலையை அடைத்தது. அதைத் தவிர்க்க முயன்ற லெஸ்லி காலிங்ஹாமின் 4½ லிட்டர் பென்ட்லி பள்ளத்தில் பாய்ந்தது. பின்னால் வந்த ஜார்ஜ் டல்லரின் பென்ட்லி அதன்மேல் மோதியது. மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவர் டேவிஸ்.

வளைவுக்குச் சற்று முன்பே சாலையில் மண்ணும் மரச்சிம்புகளும் சிதறிக் கிடந்ததை விளக்கொளியில் கண்டதாக அவர் பின்னர் எழுதியிருக்கிறார். முந்தைய சுற்றில் அவை அங்கே இல்லை. ஏதோ நடந்திருக்கிறது என்று உணர்ந்து வேகத்தைக் குறைத்தார். இருந்தும் வளைவைத் திரும்பியபோது எதிரே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கார்களைத் தவிர்க்க இடமில்லை. காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு அவற்றின்மேல் மோதினார். அந்தச் சில நொடி எச்சரிக்கை இல்லாதிருந்தால் அவர் உயிர் தப்பியிருப்பாரா என்பதே ஐயம். நல்வேளையாக மூன்று பென்ட்லி ஓட்டுநர்களில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. குவியலிலிருந்து காரைப் பின்னுக்கு எடுத்து, வளைந்த முன் அச்சும் நசுங்கிய மட்கார்டும் உடைந்த ஹெட்லைட்டுமாக அவர் மெல்ல அணியின் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்து விதிப்படி, காரைப் பழுதுபார்க்க ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. நிறுவனத்தின் தலைவர் டபிள்யூ. ஓ. பென்ட்லியும் தேர்ந்த மெக்கானிக்குகளும் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க, டேவிஸ் தாமே உடைந்ததைக் கழற்றி, தொங்கியதைக் கம்பியால் கட்டினார். டெய்ம்லர் பட்டறையில் பழகிய கைகள் அன்று பயன்பட்டன. பின்னர் பெஞ்சாஃபீல்ட் ஏறிக்கொண்டார். உடைந்த விளக்குக்குப் பதிலாக இன்னொரு விளக்கை முன்கண்ணாடியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இரவில் மழையும் பிடித்துக்கொண்டது. வளைந்த அச்சுடன், ஒரு பக்கம் இழுக்கும் ஸ்டியரிங்குடன் இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள்.

முன்னணியில் இருந்தது ஏரியஸ் என்ற பிரெஞ்சுக் கார். அதை ஓட்டிய இருவரில் ஒருவர், இரண்டாண்டுகளுக்கு முன் டேவிஸின் துணையாக இருந்த அதே ஷசாஞ். பல சுற்றுகள் பின்தங்கிய, உடைந்த காருக்கு நம்பிக்கை குறைவுதான். ஆனால் பென்ட்லி விடாமல் துரத்தியதால் ஏரியஸ் வேகத்தைக் குறைக்க முடியவில்லை. பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் அதன் இயந்திரம் பழுதடைந்து நின்றது. பென்ட்லி 137 சுற்றுகள், ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர் ஓடி வென்றது. இரண்டாவதாக வந்த சிறிய சால்ம்சன் கார் 20 சுற்றுகள், அதாவது ஏறத்தாழ 350 கிலோமீட்டர் பின்னால் இருந்தது. புறப்பட்ட 22 கார்களில் முடித்தவை 7.

லண்டனில் சவோய் ஹோட்டலில் ஆட்டோகாரின் உரிமையாளர் சர் எட்வர்ட் இலிஃப் ஒரு விருந்து கொடுத்தார். விருந்தின் நடுவே கதவுகள் திறக்க, கழுவப்படாத சேற்றோடும் அடிபட்ட உடலோடும் அந்தக் காரே மண்டபத்துக்குள் வந்து நின்றது. மோதலின் காட்சியை அதே இதழின் ஓவியர் எஃப். கார்டன் கிராஸ்பி தீட்டினார். இன்றும் வெள்ளை வீட்டு விபத்து என்றதும் மனக்கண்ணில் எழுவது அவர் தீட்டிய படம்தான். ஓட்டியவர் ஆட்டோகாரின் ஊழியர், விருந்து ஆட்டோகாருடையது, படம் ஆட்டோகாருடையது. உங்கள் ஐயம் கூர்மையாக எழும் இடமும் இதுவே.

அந்த ஐயம் நியாயமானது என்றே நான் சொல்வேன். கார் நிறுவனங்களின் விளம்பரம் மோட்டார் இதழ்களின் பெரிய வருவாய். ஒரு நிறுவனத்தின் அணியில் ஓட்டுகிறவர் திங்கட்கிழமை மேசையில் அமர்ந்து அந்த நிறுவனத்தின் காரைப் பற்றி எழுதும்போது, உடன் ஓட்டியவர்கள், உணவு பகிர்ந்தவர்கள், தம் உயிரை நம்பி ஒப்படைத்த மெக்கானிக்குகள் எல்லோரும் அவர் கண்முன் நிற்பார்கள். அவர்களை நோகடிக்க எந்த நல்ல மனிதருக்கும் மனம் வராது. ஆகவே, அன்றைய கார்களில் எது வாங்கத் தகுந்தது, எந்த நிறுவனத்தின் நிர்வாகம் சீராக இருந்தது என்பன போன்ற தீர்ப்புகளுக்கு டேவிஸை நான் ஆதாரமாகக் கொள்ள மாட்டேன்.

ஆனால் பந்தயத்தில் என்ன நடந்தது, அது எப்படி இருந்தது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி அக்காலத்தில் மிகச் சிலரே. மேடையில் அமர்ந்திருந்த நிருபருக்கு வெள்ளை வீடு கண்ணுக்கே தெரியாது. மூன்று பச்சை நிறப் பென்ட்லிகளும் வரவில்லை என்பது மட்டுமே தெரியும். சாலையில் கிடந்த மண்ணை அவர் எழுத முடியாது. மேலும், டேவிஸ் தம் தோல்விகளை மறைத்தவர் அல்லர். 1926இல் பந்தய முடிவுக்கு அருகில் வந்து மணலில் செருகியதைத் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியே வைத்தார். தாம் எந்த அணியில் ஓட்டினார் என்பதை வாசகர்களிடம் ஒளித்ததும் இல்லை. சாட்சியாக அவரை நம்பலாம். நீதிபதியாக அவரை அமர்த்த வேண்டியதில்லை. பழைய மோட்டார் எழுத்துகளைப் படிக்கும்போதெல்லாம் நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் இதுவே. இதுவரை அது என்னைக் கைவிட்டதில்லை.

1927க்குப் பிறகும் அவர் நிற்கவில்லை. 1929இல் புரூக்லாண்ட்ஸில் இரண்டு பகல்களாக, நாளொன்றுக்கு 12 மணி நேரம் நடந்த பந்தயத்தில் ஒரு பென்ட்லியில் மயிரிழையில் இரண்டாமிடம் பெற்றார்; முதலிடம் ராம்போனி ஓட்டிய ஆல்ஃபா ரோமியோவுக்குப் போனது. 1930இல் அதே பாதையில் நடந்த 500 மைல் பந்தயத்தில், பென்ட்லியின் பேரியந்திரத்திலிருந்து இறங்கி, 750 சி.சி.க்கும் குறைந்த ஆஸ்டின் செவன் காரில், மார்ச் பிரபுவுடன் சேர்ந்து மணிக்குச் சராசரி 83.41 மைல் வேகத்தில் வென்றார். சிறிய கார்களுக்கு நேரச் சலுகை கொடுத்து நடத்தப்பட்ட பந்தயம்தான் என்றாலும், அந்தப் பொம்மை போன்ற காரை அந்தக் கரடுமுரடான காங்கிரீட்டில் 500 மைல் உடையாமல் ஓட்டியது அவருடைய கைத்திறனுக்கு லெ மானைவிடவும் நல்ல சான்று என்பது என் கருத்து. அந்த மார்ச் பிரபுதான் பின்னர் ரிச்மண்ட் கோமகனாகி, 1948இல் குட்வுட் பந்தயப் பாதையைத் திறந்தவர்.

1931 ஈஸ்டர் சமயத்தில், புரூக்லாண்ட்ஸில் ஓர் இன்விக்டா கார் சறுக்கித் தந்திக் கம்பத்தில் மோதியதில் டேவிஸின் கால் முறிந்தது. அதன்பின் அவருடைய வாழ்க்கையில் எழுத்தே மேலோங்கியது. பந்தய நினைவுகள், கார் ஓட்டும் கலை, பந்தயத்தில் ஈடுபட்ட பெண் ஓட்டுநர்கள் எனப் பல நூல்கள் எழுதினார். பெண் ஓட்டுநர்களுக்கென்று அவர் ஒரு தனி நூலே எழுதியதை நான் பெரிதாக மதிக்கிறேன். புரூக்லாண்ட்ஸில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாகக் களமிறங்கவே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஐம்பதைக் கடந்த வயதிலும் ராணுவத்தின் இயந்திரப் பொறியாளர் பிரிவில் பணிசெய்தார். போருக்குப் பின் மீண்டும் ஆட்டோகாருக்கு வந்து, 1950 வாக்கில் ஓய்வு பெற்றார்.

இதற்கிடையில் செய்தி சொல்லும் முறையே மாறத் தொடங்கியிருந்தது. டேவிஸின் வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை அறிய வார இதழ் வரும்வரை காத்திருந்தவர்கள். 1937 அக்டோபரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பாதையில் நடந்த பந்தயத்தை பி.பி.சி. தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டியது. பார்ப்பதற்குக் கருவி வந்துவிட்டபின், பார்த்ததைச் சொல்லும் நிருபரின் வேலை குறைந்தது. உள்ளே இருந்து சொல்பவரின் தேவை குறையவில்லை. 1955இல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸின் அருகில் அமர்ந்து, காகிதச் சுருளில் எழுதி வைத்த வழிக்குறிப்புகளைக் கை சைகையால் உணர்த்திக்கொண்டே 10 மணி 7 நிமிடங்களில் சுமார் 1,000 மைல் பயணம் செய்த டெனிஸ் ஜென்கின்சன் ஒரு பத்திரிகையாளர். 1960இல் ஃபெராரியில் லெ மானை வென்ற இருவரில் ஒருவரான பெல்ஜியத்தின் பால் ஃப்ரேரும் பத்திரிகையாளர்தான். அவர்கள் நடந்த தடத்தை முதலில் மிதித்து உண்டாக்கியவர் டேவிஸ்.

அவருடைய இன்னொரு பணியைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பந்தயக் கார்களை நேசித்த அதே அளவுக்கு, வேகமே இல்லாத பழைய வண்டிகளையும் அவர் நேசித்தார். பழைய இரும்புக்கடைக்குப் போகவிருந்த அந்த வண்டிகளைக் காப்பாற்ற, 1930இல், லண்டனிலிருந்து பிரைட்டன் நகர் வரை பழைய கார்கள் செல்லும் ஓட்டம் முடிந்த வேளையில், பிரைட்டனின் ஓல்ட் ஷிப் ஹோட்டலில் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து வெட்டரன் கார் கிளப்பைத் தொடங்கினார். பழைய கார்களைக் காப்பதற்கென்று எழுந்த முதல் சங்கங்களில் அது ஒன்று. அவரிடம் 1897ஆம் ஆண்டின் மூன்று சக்கர லியோன் பொலே வண்டி ஒன்று இருந்தது. அதன் முரட்டுக் குணத்துக்காக அதற்குப் பேய்களின் தலைவனான பெயெல்செபூப்பின் பெயரை வைத்திருந்தார். அதைச் செய்த லியோன் பொலே லெ மான் ஊர்க்காரர்.

டேவிஸின் மகன் காலின் டேவிஸும் பந்தய ஓட்டுநரானார். 1964இல் சிசிலியில் நடந்த டார்கா ஃபுளோரியோவை அன்டோனியோ புச்சியுடன் சேர்ந்து போர்ஷே 904 காரில் வென்றார். அந்த வெற்றியைத் தந்தை தம் 77ஆம் வயதில் கண்டார். 1981 ஜனவரி 9 அன்று, தம் 94ஆம் பிறந்த நாளிலேயே, சாம்மி டேவிஸ் காலமானார்.